ஒற்றைக் கம்பியில் ஒரு சோலோ

எண்பதுகளில் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்த ஒரே பெண் நான். அந்த வருடத் திருவிழாவுக்கு என் மாமியாராக வரப்போகிறவரும் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். நிச்சயத்தன்றே அவர் என் அம்மாவிடம், நான் பக்கத்தில் நிற்பது தெரிந்தே, "கண்ணாலத்துக்கு அப்பறம் எதுக்குங்க அந்த கிட்டாரு?" என்று கேட்டிருந்தார். அது என்னோடு காரிமங்கலத்துப் புகுந்த வீட்டுக்கு வருமா, அம்மா வீட்டுப் பரண்மேல் ஏறுமா என்பது இனி அவர் கையில்தான்.

திருவிழாப் பாட்டுக்கு நடுவில் நான் தனியாக வாசிக்க ஒரு சோலோ உண்டு. அசத்திவிட வேண்டும் என்று, கேசட் கேட்டுப் பழகிய வித்தையெல்லாம் அதில் திணித்தேன். விரல் பறந்தது. டோலக் வாசிக்கும் என் அண்ணன் ஒத்திகையில் பாதியிலேயே கையை எடுத்துவிட்டான்.

"பஸ்ஸ புடிக்கவா ஓடற? நான் ஒருத்தன் தாளம் போடறது காதுல வுழுவுதா இல்லியா?"

"நீ ஆமை மாதிரி தட்டுனா நான் என்ன பண்றது?"

"ஆமா தாயி, நீ குதிரை. போ, தனியாவே ஓடு!"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இந்தா, உன் தாளத்துக்கு இது போதும்" என்று, அவனைக் கேலி செய்யத்தான், ஒரே கம்பியில் இரண்டு மூன்று சுரங்களை மட்டும் வாசித்தேன். ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே அவன் அடிக்குக் கொஞ்சம் பிந்தித் தொட்டேன். அவன் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு கூடவே வாசித்தான். சே, கேலிக்கு வாசித்தது நன்றாக இருந்தது! ஒரு சுரத்தை வைத்துவிட்டு டோலக்கைப் பேசவிட்டால், அடுத்த சுரத்துக்குக் காது தானாகவே ஏங்கியது. இத்தனை நாளும் விரலைத்தான் பார்த்திருக்கிறேன், சத்தத்தைக் கேட்கவே இல்லை.

திருவிழாவிலும் அதையே வாசித்தேன். பழைய வேகம் கையில் அரித்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். இரண்டாம் சுற்றில் பெண்கள் பக்கம் தாளத்தோடு சேர்த்துக் கைதட்ட ஆரம்பித்தார்கள். அங்கே மாமியாரைத் தேடிப் பார்க்கத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை.

வெளியே வந்ததும் அவரே எதிரில் வந்தார். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போச்சு, பரண்தான் என்று நினைத்தேன். கிட்டாரை என் கையிலிருந்து வாங்கிக் கனம் பார்த்தார்.

"இத கண்ணாலத்தன்னிக்கு பீரோ கட்டிலோட லாரியில ஏத்திடாதம்மா, நசுங்கிப் போயிடும்," என்றார். "கார்ல நான் மடியில வெச்சிக்கறேன்."