ஐஸ் பெட்டியில் ஒரு புட்டி எண்ணெய்

கோத்தன்பர்க் நகரில், என் குளியலறையில் துண்டு உலர்த்தும் குழாய் ஊரார் குப்பையால் சூடாகிறது. எங்கோ ஓர் உலை அதை எரிக்கிறது. வெந்நீர் நிலத்தடியில் ஓடி வீடுதோறும் வந்து சேர்கிறது. சென்ற குளிர்காலத்தில் என் மனைவி திலகா மறைந்தபின், எஞ்சிய ஊசிக்குழல்களையும் உப்புநீர்ப் புட்டிகளையும் எடுத்துச்செல்ல வந்த ஸ்வீடிஷ் செவிலி, "எல்லாம் வெப்பமாகிவிடும்" என்றார். ஆறுதல் சொல்கிறார் என்றெண்ணி நன்றி கூறினேன். அவர் குழம்பிப்போய், எதை எந்தப் பையில் போடவேண்டும் என்று மறுபடி விளக்கத் தொடங்கினார்.

திலகாவின் தம்பி இளங்கோ சிதம்பரத்தில் வேதிப்பொறியியல் கற்பிப்பவர். அதே மாதிரிப் புட்டிகளை எரித்து முடித்துவிடாமல் எரிபொருளாக்க முயல்கிறார். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் நண்பர் ஒருவர் தந்த கொட்டகையில், மருத்துவமனைப் பிளாஸ்டிக்கை நீராவியில் கிருமிநீக்கித் துண்டாக்கி, பண்ருட்டி முந்திரி ஓட்டோடு கலந்து, காற்றுப் புகாத கலனில் சூடாக்குகிறார். எழும் ஆவி சியோலைட் என்னும் வினையூக்கியைக் கடக்கையில் நீண்ட மூலக்கூறுகள் உடைகின்றன, குளிர்ந்தால் எண்ணெய். வாழ்நாளெல்லாம் வினையூக்கிகளைப் பற்றி எழுதியவன் நான். ஊரில் மலையாய்க் குவியும் முந்திரி ஓட்டை இதில் சேர்க்கலாமென்று எனக்குத் தோன்றியதே இல்லை.

நோய்ப்படுக்கையிலும் திலகா தம்பியின் ஒவ்வொரு முயற்சியையும் தொலைபேசியில் விசாரிப்பாள். "நீங்க ஒரு தடவ நேர்ல போய்ப் பாருங்க. அவன் சந்தோஷத்துல எதையும் சரியா பாக்கமாட்டான்" என்பாள்.

மார்கழிக் குளிரில் முந்தைய எண்ணெய் மெழுகாய் உறைந்து குழாயை அடைத்துவிட்டது. மறுபடி உறைந்தால் கொட்டகையைத் திருப்பித் தருவதாக இளங்கோ நண்பரிடம் ஒப்புக்கொண்டிருந்தார். நான் சென்றது சித்திரையில். வினையூக்கியின் அளவை மாற்றியிருந்தார். குழாய் முனையில் கரும்பழுப்பாய்ச் சொட்டிய எண்ணெய் மெல்ல ஒழுகத் தொடங்கிற்று.

"மாமா, பாருங்க! தண்ணி மாரி ஓடுது!"

"சித்திர வெயில்ல எது மச்சான் ஓடாது? ஐஸ் வேணும்."

அவர் முகம் வாடியது. எனக்கும் வருத்தந்தான், ஆயினும் இதைக் கேட்கத்தான் அவள் என்னைப் போகச் சொன்னாள்.

துறைமுகத்துக்குப் போனோம். மீன்கார அம்மாள் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"மீனு வேணாமாம், வெறும் ஐஸாம்! எதுக்குய்யா?"

"எங்க மாமா ஃபாரின்லேருந்து வந்துகிறாரு அக்கா. சூடு தாங்கல. உள்ள வச்சு மூடப்போறேன்."

"அப்ப தலைய எடுத்துட்டு வையி. இல்லாட்டி கெட்டுப்பூடும்."

நெடுநாளைக்குப்பின் வாய்விட்டுச் சிரித்தேன்.

மூடிய புட்டியை ஐஸில் புதைத்துவிட்டு, கொட்டகையில் இருவரும் காத்திருந்தோம். மார்கழி விடியலைவிடக் குளிரட்டும் என்று விட்டபின் எடுத்துத் திறந்து சாய்த்தேன். எண்ணெய் ஒரு கணம் தயங்கிற்று. பிறகு வழிந்து என் இடக்கையை நனைத்தது.

"அக்காகிட்ட சொல்லணும் மாமா" என்று இளங்கோ கைபேசியை எடுத்தார். எடுத்த பின்னர்தான் இருவருக்கும் நினைவு வந்தது.

"பாத்துட்டேன். சரியாத்தான் செஞ்சிருக்கான்" என்றேன்.

எரியும் திரவம் விமானத்தில் ஏறாது. புட்டியை அவரிடமே விட்டுவந்தேன். மார்கழியில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். வானில், பணிப்பெண் ஸ்வீடிஷ் மொழியில் எதையோ கேட்டுக் காப்பியை நீட்டினார். அம்மொழியிலேயே நன்றி சொல்லி, வலக்கையால் வாங்கிக்கொண்டேன். எத்தனை சோப்புக்கும் போகாத முந்திரி ஓட்டு வாடையோடு, இடக்கை மடியிலேயே கிடந்தது.