மேல் கட்டிலுக்கு ஏறிய தொடை

பிசியோதெரபி என்பது, வலிக்கிறது என்று வந்தவரை இன்னும் கொஞ்சம் வலிக்க வைத்து அனுப்புகிற தொழில். என்னைப் போலவே திட்டு வாங்கிப் பிழைக்கிற சகோதர சகோதரிகளே, ஷார்ஜா தொழில்பேட்டையில் நான் ஜெயித்த கதையைக் கேளுங்கள். தற்பெருமைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராஜ உபசாரம்

முருகேசன் அண்ணன் சாரம் கட்டுகிறவர். முழங்கால் சில்லு உடைந்து, மாவுக்கட்டுப் பிரித்தபின் எங்கள் கிளினிக்குக்கு வந்தார். வந்தார் என்ன, நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். எலும்பு அருமையாகக் கூடியிருந்தது. தொடைதான் முருங்கைக்காயாக வற்றியிருந்தது. லீவு முடிந்ததும் சேஃப்டி ஆபீசர் முன்னால் ஏணி ஏறிக் காட்ட வேண்டும்; ஏறாவிட்டால் விசா கேன்சல், ஊருக்கு டிக்கெட்.

அவர்கள் தங்கியிருக்கும் தொழிலாளர் கேம்ப் ரூமில் ஒரு வழக்கம். ஒருவர் படுத்துவிட்டால் அவருடைய சமையல் முறை, பாத்திரம் கழுவுகிற முறை எல்லாம் மற்றவர்கள் பார்ப்பார்கள். அங்கே எல்லாம் அடுக்குக் கட்டில். அண்ணனை மேல் கட்டிலிலிருந்து கீழ்க் கட்டிலுக்கு மாற்றி, பாத்ரூமுக்கும் தூக்கிப் போயிருக்கிறார்கள். கட்டுப் பிரித்த பிறகும்! ரூம்மேட் செல்வம் பெருமையாகச் சொன்னார்: "கால் தரையில படவே விடல மேடம். கண்ணுல வச்சுப் பார்த்துக்கிட்டோம்!"

இழுக்கத்தான் தெரியும்

"குடல் தசை சொல்லாமலே வேலை செய்யும் அண்ணே. தொடையில் இருப்பது வரித்தசை. நீங்க உத்தரவு போட்டால்தான் அசையும்" என்றேன். மைக்ராஸ்கோப்பில் குறுக்கே கோடு கோடாகத் தெரியும். தடித்த இழை, மெல்லிய இழை என்று மாறி மாறி அடுக்கியிருப்பதால் வருகிற கோடு. இரண்டு கை விரல்களையும் கோர்த்து, உள்ளே சறுக்கிக் காட்டினேன். இழை எதுவும் குட்டையாவதில்லை, ஒன்றுக்கு நடுவே ஒன்று நுழைகிறது, தசை சுருங்குகிறது. சும்மா போட்டுவைத்தால் உடம்பே அந்த இழைகளைக் குறைத்துவிடும்.

"தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. முன்தொடை இழுத்தால் கால் நீளும், பின்தொடை இழுத்தால் மடங்கும்" என்று முடித்தேன். அண்ணன் முதல்தடவையாகச் சிரித்தார்: "எங்க ஃபோர்மேனுக்கு நேர் எதிர் மேடம். அந்தாளுக்குத் தள்ள மட்டும்தான் தெரியும்!"

கல்நெஞ்சக்காரி

முதலில் முழங்காலுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்தச் சொன்னேன். அப்புறம் உட்கார்ந்து எழுவது, அப்புறம் படி. கால் ஓரளவு தேறியதும் தீர்ப்புச் சொன்னேன்: இனி யாரும் தூக்கக் கூடாது, அரபிக்காரர்கள் பாஷையில் கலாஸ், முடிந்தது! அண்ணன் பழையபடி மேல் கட்டிலில்தான் படுக்க வேண்டும், தானே ஏறி, தானே இறங்கி.

ரூமே கொதித்தது. மறுநாள் தொடை விண்விண்ணென்று வலிக்க, செல்வம் போன் போட்டுக் கத்தினார். புதிதாக வேலை பார்த்த தசை அப்படித்தான் வலிக்கும், நல்லதுதான் என்றேன். என் ஊரையும் சேர்த்து இழுத்தார்: "நாகர்கோவில்காரங்களுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா மேடம்?"

ஏணி

சோதனை நாளில் எனக்கு டியூட்டி ஓடவில்லை. மத்தியானம் வீடியோ வந்தது. அண்ணன் கைப்பிடியைப் பிடிக்கிறார், உடைந்த காலை முதலில் வைக்கிறார், எழும்புகிறார். கீழே ரூம்மேட்டுகள் அண்ணாந்து பார்க்கிறார்கள். சரசரவென்று உச்சி வரை போய்க் கையை ஆட்டினார் பாருங்கள், அடேயப்பா! சேஃப்டி ஆபீசர் "அச்சா, பாஸ்!" என்றதும் விசில் பறந்தது. நானும் கிளினிக்கில் விசிலடித்தேன், மேனேஜர் முறைத்தார், போகட்டும்.

சாயங்காலம் அண்ணன் தன் காலில் நடந்து வந்தார், நின்றபடியே கிளம்பப் பார்த்தார். ஏன் இவ்வளவு அவசரம், உட்காருங்கள் என்றேன். முகம் கொள்ளாத சிரிப்போடு சொன்னார்: "நேரமில்ல மேடம், இன்னைக்கு ரூம்ல பாத்திரம் கழுவுற முறை என்னுது!"

இத்தனை வருஷம் படித்து வந்து நான் செய்த மகத்தான வைத்தியம், கீழே படுத்திருந்த ஒரு மனுஷனை மேல் கட்டிலுக்குத் துரத்தியதுதான்.