மாமாவுக்குத் திருப்பிக் கொடுக்க நினைத்தது

எங்கள் வீட்டில் மாத்துவது என்றால் ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை வாங்கி வருவது. கேஸ் தீர்ந்துபோனால் அப்பா காலி சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு பொகவந்தலாவை பஜாருக்கு நடப்பார். அதைக் கடையில் விட்டுவிட்டு நிறைந்ததோடு திரும்புவார். புதுச் சப்பாத்து காலைக் கடித்தால் அதைக் கொடுத்து ஓர் அளவு பெரிதை எடுத்து வருவார். ஆகவே எனக்குப் பத்து வயதானபோது, "பாப்பாவுக்குக் கிட்னி மாத்தப் போறாங்க, மாமா குடுக்குறாரு" என்று அம்மா சொன்னதும் நடக்கப்போவது என்னவென்பதில் எனக்கு எந்த ஐயமும் எழவில்லை. மாமாவின் நல்லது எனக்கு வரும். என்னுடைய கெட்டது மாமாவுக்குப் போகும். பெரியவர்கள் இதை அறிந்துதான் சம்மதித்திருக்கிறார்கள் என்று நம்பினேன். அவர்களுடைய துணிச்சலை எண்ணி வியக்கவும் செய்தேன்.

அதற்கு முந்தைய ஓராண்டு முழுவதும் என் உடம்பு வீங்குவதும் வடிவதுமாக இருந்தது. அதிகாலை இருட்டில் புறப்பட்டு, இரண்டு பஸ் மாறிக் கண்டிக்குப் போய், ஓர் இயந்திரம் என் இரத்தத்தைக் கழுவித் தரும்வரை அசையாமல் படுத்திருந்துவிட்டுத் திரும்புவோம். அம்மாவுக்குச் சீனி வியாதி. அவருடையதை எடுக்க முடியாது என்றார்கள். அப்பாவின் இரத்தம் எனக்குச் சேரவில்லை. கொழும்பில் புடவைக் கடையொன்றில் வேலை பார்த்த என் தாய்மாமா, அம்மாவின் ஒரே தம்பி, லீவு எடுத்துக்கொண்டு வந்து இரத்தப் பரிசோதனைக்குக் கையை நீட்டினார். சேர்ந்தது.

அந்தச் செய்தி, தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டு வரிசையான லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே காலையில் பரவியது. பக்கத்துக் காம்பராவில் இருந்த அக்கா மாமாவைப் பார்த்துச் சிரித்தார்.

"தாய்மாமன் சீருன்னா தோடு போடுவாங்க, சங்கிலி போடுவாங்க. நீ என்னப்பா கிட்னிய போடுற?"

"தங்கம் விக்கிற வெலைக்கு இதுதான் அக்கா கட்டுப்படியாகுது" என்றார் மாமா.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. நான் வீடு திரும்பியபோது எங்கள் ஒற்றையறைக் காம்பரா இரண்டாகியிருந்தது. நடுவே அப்பா ஒரு பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டியிருந்தார். உள்பக்கம் நான், வெளிப்பக்கம் மற்றவர்கள். எனக்குத் தொற்று எதுவும் வந்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. ஆனால் என்னிடமிருந்து ஏதோ பரவும் என்று அஞ்சுபவர்களைப் போலத்தான் எல்லோரும் நடந்துகொண்டார்கள். எனக்குத் தனித் தட்டு, தனிக் கோப்பை, உப்பில்லாத சோறு. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போன பிறகு, தகரக் கூரையில் மழை விழுவதையும் தூரத்தில் கொழுந்து எடுக்கும் பெண்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவதையும் கேட்டபடி கிடப்பேன். பள்ளித் தோழிகள் முதல் வாரம் முன்திண்ணையான இஸ்தோப்புவரை வந்தார்கள். வாசலில் நின்று, முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த என் கண்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டாம் வாரம் ஒருத்திதான் வந்தாள். பக்கத்துக் காம்பரா அக்காவின் மகள்.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னை வெகுநேரம் பார்த்தாள்.

"ஏய், ஒனக்கு மீச மொளைக்குதுடி."

"பொய்."

"சத்தியமா. மூஞ்சியும் ஒங்க மாமா மாதிரியே உருண்டையா ஆயிருச்சு. நீ இப்ப பொம்பளப் புள்ளையா, ஆம்பளப் புள்ளையா?"

அவள் போனதும் கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். அவள் பொய் சொல்லவில்லை. கன்னங்கள் ஊதியிருந்தன. மேலுதட்டிலும் நெற்றியோரத்திலும் மெல்லிய கறுப்பு ரோமம் படர்ந்திருந்தது. நான் விழுங்கிய மருந்துக் குளிசைகள் செய்யும் வேலை அது என்று இன்று எனக்குத் தெரியும். அன்று எவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எவருக்கும் தோன்றியிருக்காது. உயிரோடு திரும்பி வந்த பிள்ளைக்கு முகம் ஒரு பிரச்சினையாக இருக்கும் என்று யார்தான் நினைப்பார்கள்?

அன்றிலிருந்து நான் என்னைக் கண்காணிக்கத் தொடங்கினேன். வயிற்றின் வலப்பக்கம், கீழே, தோலுக்கு அடியில் அது ஒரு சிறு மேடாகத் தட்டுப்படும். உள்ளங்கையை வைத்தால் சூடாக இருக்கும். மாமா அங்கே முழங்காலைக் கட்டிக்கொண்டு தூங்குவதாக எண்ணிக்கொள்வேன். மாமா நன்றாகச் சீட்டி அடிப்பார். எனக்கு அது ஒருபோதும் வந்ததில்லை. ஒரு நாள் உதட்டைக் குவித்து ஊதிப் பார்த்தேன். முதல் தடவையிலேயே வந்துவிட்டது. ஊதியது யார் என்று எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு பல நாட்கள், அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், ஒரு கணம் நிதானித்துவிட்டே பதில் சொன்னேன்.

விரிப்பின் மறுபக்கத்தில் மாமா இருந்தார். உடம்பு தேறும்வரை எங்களோடு தங்கியிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில், அந்தப் பக்கமிருந்தே கைவிரல்களால் நாய், முயல் என்று நிழல் காட்டி என்னைச் சிரிக்க வைத்தார். பிறகு அது நின்றது. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். தட்டில் போட்ட சோறு பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. கழுத்தெலும்பு வெளியே தெரிந்தது. ஓராண்டுக்கு முன் நான் இருந்த நிலை அது என்பதை நான் உடனே அறிந்துகொண்டேன். என் கெட்ட கிட்னி தன் வேலையைத் தொடங்கிவிட்டது.

எஞ்சியிருந்த கொஞ்ச ஐயத்தையும் ஒரு பேச்சு தீர்த்து வைத்தது. ஜன்னலுக்கு வெளியே, பீலியில் கொட்டும் ஊற்றுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு அம்மா பக்கத்துக் காம்பரா அக்காவிடம் தணிந்த குரலில் சொன்னார்.

"ராகலையில தம்பிக்குப் பேசி வச்சிருந்தோமே, அவங்க மாப்பிள்ளையவே மாத்திட்டாங்க அக்கா. பொண்ணுக்கு வேற எடத்துல நாள் குறிச்சாச்சாம்."

"அடப்பாவமே. என்னவாம்?"

"இவன் இனிமே பழைய ஆளு இல்லியாம்."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ராகலையில் இருந்தவர்கள்கூடக் கண்டுபிடித்துவிட்டார்கள். மாமா பழைய ஆள் இல்லை. ஏனென்றால் பழைய மாமா இங்கே, என் வயிற்றில் இருக்கிறார். அவரைத் திருப்பி அனுப்பினால்தான் எல்லாம் சீராகும். எப்படி அனுப்புவது என்பதுதான் தெரியவில்லை.

அதையும் கிளினிக்கில் சொல்லித் தந்தார்கள். கண்டியில் என்னைப் பார்த்த டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்குப் பஜாரில் பேரம் பேசும் அளவுக்குத்தான் சிங்களம் தெரியும். வார்டில் வேலை செய்த ஓர் அம்மாள் எங்கள் நடுவே நின்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்வார். அன்றும் டாக்டர் குளிசைப் பெட்டியைக் காட்டி நெடுநேரம் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் என் கன்னத்தைத் தட்டி, சுருக்கமாக மொழிபெயர்த்தார்.

"மகள், மருந்து தவறாம குடிக்கணும். குடிக்காட்டி ஒடம்பு மாமா குடுத்தது திருப்பிக் குடுத்துரும். சரியா?"

சரி என்று தலையாட்டினேன்.

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கனிவான பெண், அது அவருடைய வேலையும் அல்ல. ஒருவருக்கு அவருடைய உடம்பைப் பற்றிச் சொல்லும் செய்தி, பெட்டியில் உள்ள மருந்தைவிடக் கவனமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கப்பட வேண்டிய ஒன்று என்பதை, அதன் விளைவை அனுபவித்தவள் என்ற முறையில் மட்டும் சொல்கிறேன்.

மறுநாள் முதல் அம்மா தரும் குளிசைகளை நாக்குக்கு அடியில் ஒதுக்கி, அவர் வேலைக்குப் போனதும் லயத்தின் பின்னால் ஓடும் வடிகால் கானில் துப்பினேன். மழைத் தண்ணீர் அவற்றைத் தேயிலைக்குள் கொண்டுபோயிற்று. பிறகு வந்து படுத்து, விரிப்பின் வழியாக மாமாவைக் கவனிப்பேன். சில நாட்களில் பலன் தெரிந்தது. மாமா எழுந்து முகம் மழித்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ராகலைக்குப் புறப்பட்டார். "எதுக்குடா அங்க போயி நிக்கிற? விடு" என்று அம்மா தடுத்தும் கேட்கவில்லை. அவர் படியிறங்கும்போது என் வயிற்று மேட்டைத் தொட்டுப் பார்த்தேன். அது முன்னைவிடச் சூடாக இருந்தது, வலிக்கவும் செய்தது. கிளம்புகிறது என்று நினைத்தேன்.

மாமா அன்று மாலை திரும்பி வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அதற்குள் காய்ச்சல் கண்டிருந்தது. மறுநாள் காலை அவர்தான் என் கையைப் பார்த்தார். விரிப்பை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து வளையலைச் சுற்றிப் பார்த்தார். அது சுற்றவில்லை, சதைக்குள் புதைந்திருந்தது.

"பாப்பா, ஒழுங்கா ஒண்ணுக்குப் போறியா?"

"இல்ல."

"மருந்து குடிச்சியா?"

நல்ல செய்தியைச் சொல்லும் நேரம் வந்துவிட்டதாக எண்ணினேன். "இல்ல மாமா. ஒங்களோடது ஒங்களுக்கே வந்துரும். நீங்க பழைய ஆளாயிருவீங்க. ராகலை அக்காவும் வந்துருவாங்க" என்றேன்.

மாமா முதலில் சிரிக்கப் போனார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. அடுத்து நடந்தவற்றில் எனக்கு நினைவிருப்பவை, அவர் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியதும், வளைவுகள்தோறும் "அண்ணே, சீக்கிரம் போங்கண்ணே" என்று த்ரீவீல்காரரிடம் கெஞ்சியதும்தான். தூக்கக் கூடாத உடம்பு அவருடையது. அதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

கண்டியில் என் கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். என் உடம்பு மாமாவின் கிட்னியைத் தள்ளத் தொடங்கிவிட்டது என்றும், அது மீண்டும் வேலை செய்கிறதா என்பதைச் சிறுநீர் வருவதை வைத்துத்தான் சொல்ல முடியும் என்றும் மாமாவிடம் சொல்லியிருந்தார்கள். வராவிட்டால் மறுபடியும் இயந்திரம்தான். அவர் முகக்கவசம் போட்டுக்கொண்டு கட்டிலருகே நின்றார். முதன்முறையாக ஒருவர் என்னிடம் எல்லாவற்றையும் விளக்கினார்.

"ஒன்னோடத யாரும் எனக்கு வைக்கல பாப்பா. இங்க என் வயித்துல வெறும் எடந்தான் இருக்கு."

"அப்ப என்னோடது எங்க மாமா?"

"ஒங்கிட்டயேதான் இருக்கு, வேல செய்யாம. ஒன்னோடது ரெண்டு, என்னோடது ஒண்ணு. மொத்தம் மூணு வச்சிருக்கிற பெரிய பணக்காரி நீ."

நான் சிரிக்கவில்லை. "நீங்க ஏன் மாமா சாப்பிடல?"

"ஒங்கம்மா வைக்கிற கொழம்ப யாரு சாப்பிடுவா?"

"திருப்பிக் குடுத்தா வாங்க மாட்டீங்களா?"

"மாமன் வச்ச சீரத் திருப்பிக் குடுக்குற பழக்கம் நம்ம சாதி சனத்துல உண்டா? ஊரு சிரிக்கும்."

நான் கடைசிக் கேள்வியைக் கேட்டேன். "ராகலை அக்கா ஏன் வேணாம்னாங்க?"

மாமா சொட்டு சொட்டாக இறங்கும் மருந்தைப் பார்த்தார். "அவங்க எங்க வேணாம்னாங்க? நான்தான் புடிக்கலன்னு சொல்லிட்டேன்" என்றார். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. அப்படியானால் என்னால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். நிம்மதியாகக் கண்ணை மூடினேன்.

மறுநாள் பிற்பகல் எனக்குச் சிறுநீர் வந்தது. நர்ஸ் மிஸ்ஸி அந்தக் குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அளவு பார்த்துவிட்டு, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற மாமாவை நோக்கித் தலையசைத்தார். மாமா இரண்டு கைகளையும் தட்டி, வார்டு முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சிரித்தார். மிஸ்ஸி சிங்களத்தில் அதட்டினார். அப்போதும் அவர் நிறுத்தவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். எதையும் இழக்காத ஒருவரால்தான் அப்படிச் சிரிக்க முடியும் என்று நான் அன்று நம்பினேன்.