சாமி கல்லைத் தாண்டி வந்த தண்ணீர்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் தண்ணீர் சுமப்பது பெண்கள் வேலை. குழாய் பழுதானால் அதைப் பற்றிப் பேசுவது ஆண்கள் வேலை. நான் வாழ்க்கைப்பட்டு இந்தத் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். தோட்டத்தில் எப்போதோ போட்ட இரும்புக் குழாய் துருப்பிடித்து உடைந்தபோது ஆண்கள் கூட்டம் போட்டார்கள், தோட்டத்தை நடத்தும் துரையிடம் மனுக் கொடுத்தார்கள், மறுபடியும் கூட்டம் போட்டார்கள். நாங்கள் பீலிக்கு நடந்தோம். மலைச்சரிவில் மூங்கிலைச் செருகித் தண்ணீரை ஒழுகவிட்டிருப்போமே, அதுதான் பீலி. கோடையில் சுண்டுவிரல் தடிப்புக்குத்தான் விழும். விடியுமுன் வரிசையில் நின்று, தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாகக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக் களத்துக்கு ஓடுவோம். என் கழுத்து இந்த வயதிலும் நிமிர்ந்து நிற்பதற்கு அந்தக் குடங்கள்தான் காரணம் என்று பெருமை பேசுவேன். முழங்கால் போனதற்கும் அவைதான் காரணம். அதை யாரிடமும் சொல்வதில்லை.

டாக்டரம்மா வந்தது அப்படி ஒரு கோடையில். யாழ்ப்பாணத்தில் பிறந்து, லண்டனில் படித்து, ஆப்பிரிக்காவில் கிராமம் கிராமமாக அலைந்தவர். என்னை விட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். அங்கே பிள்ளைகளின் வயிற்றுப்போக்குக்கு மருந்து கொடுத்துக் கொடுத்து அலுத்து, இது மருந்தால் தீராது, தண்ணீரால்தான் தீரும் என்று ஊசியை வைத்துவிட்டுக் கிணற்றைப் பிடித்துக்கொண்டாராம். எல்லாம் கைக்காசு. தகப்பன் விட்டுப்போன வீட்டையும் விற்றிருக்கிறார்.

கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில், எங்களோடு பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்து, போனில் படம் காட்டினார். பூப்போட்ட துணி கட்டிய கறுத்த பெண்கள், முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு, ஒரு கைப்பம்பைக் கழற்றிப் பரப்பி வைத்து நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். கல்யாண வீட்டில் காய் நறுக்குகிறவர்களைப் போல அவ்வளவு சாவகாசம். இவர்களுடைய ஆம்பிளைகள் ஒன்றும் சொல்லவில்லையா என்று ஒருத்தி கேட்டாள்.

“முதல்ல சிரிச்சவை. பொம்பிளை தொட்டால் கிணறு வத்திப்போம் எண்டவை. இப்ப பம்ப் நிண்டால் அவையளே இவையளைத் தேடி ஓடி வருவினம்.”

எங்களுக்கு என்ன தரப்போகிறீர்கள் என்று நான் நேராகவே கேட்டேன். குழாயும் சீமெந்தும் தருகிறேன், பழக்கிவிட ஆளும் தருகிறேன், மிச்சமெல்லாம் நீங்கள்தான் என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. உதவிப் பொதியைக் கையில் கொடுத்துவிட்டுப் படம் பிடித்துக்கொண்டு போகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. நான் கை நீட்டி வாங்கிப் பழகவில்லை.

பதுளை டவுனிலிருந்து ஒருவர் வந்து குழாய் வேலை பழக்கினார். பழகியவர்களில் என் மருமகளும் ஒருத்தி. குழாய் அறுக்க, பசை பூசி ஒட்ட, ஸ்பேனர் பிடித்து முறுக்க எல்லாம் படித்துவிட்டாள். ஸ்பேனர் பிடித்த கையால் ஆக்கினால் சோறு இரும்பு வாடை அடிக்கும் என்று என் மகன் கிண்டல் செய்தான். அப்ப நீ ஆக்கு என்றேன்.

ஒன்றே ஒன்றுதான் இடித்தது. தண்ணீர் ஊறும் இடம் லயத்துக்கு மேலே, காட்டுக்குள். அங்கே மரத்தடியில் முனி கல் இருக்கிறது. ஒரு கல், ஒரு சூலம், அவ்வளவுதான். ஆனால் அந்த இடத்தைப் பெண் மிதிக்கக் கூடாது. கிழவி போகலாம் என்று சிலர் சொல்வார்கள். போய்ப் பார்த்த கிழவி ஒருத்தியும் இல்லை. அதனால் ஊற்றுவாயில் சின்னத் தொட்டி கட்டி, அதில் குழாயைச் சொருகும் வேலையை மட்டும் ஆண்கள் செய்தார்கள். அங்கிருந்து கீழே பெரிய தொட்டி வரைக்கும், தொட்டியிலிருந்து வாசல் பைப்புகள் வரைக்கும் பெண்கள் செய்தது.

தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் எனக்குத் தம்பி முறை. கெட்டவர் இல்லை, ஆனால் எதுவும் தன் கையில் இருந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். எல்லோர் முன்னாலும் ஒரு பேச்சு வைத்தார். தண்ணீர் திறக்கிற அன்றைக்குத் தண்ணீர் வந்தால் தொட்டிச் சாவியும் சாமான்களும் பெண்கள் கையில் இருக்கட்டும். வராவிட்டால் ஆண்களின் கமிட்டியிடம் கொடுத்துவிட வேண்டும். டாக்டரம்மா எங்களைப் பார்த்தார். சரி என்று தலையாட்டினோம். கமிட்டி என்றால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா? மறுபடியும் கூட்டம், மறுபடியும் மனு, மறுபடியும் பீலி.

திறப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதல் நாளே ஆண்கள் பூசாரியோடு மேலே போய் முனிக்குப் பூசை வைத்து, ஊற்றுத் தண்ணீரைக் குழாயில் திருப்பிவிட்டு வந்தார்கள். காலையில் எல்லோரும் குளித்து, வாசலில் கோலம் போட்டு, பைப்புக்குப் பொட்டு வைத்து நின்றோம். மருமகள் தொட்டி மூடியைத் திறந்தாள். அடியில் கொஞ்சம் கலங்கலைத் தவிர ஒன்றுமில்லை. குழாயில் சொட்டு இல்லை. அவள் முகம் செத்துப்போனது. அவளும் மற்றப் பெண்களும் குழாய் ஓடும் வழியெல்லாம் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு காட்டு ஓரம் வரைக்கும் போய்த் திரும்பினார்கள். எங்கேயும் உடைப்பு இல்லை. அடைப்பு மேலே ஊற்றுவாயில்தான்.

“நாங்க போய்ப் பாக்குறோம் அக்கா. அதுக்கு முன்ன ஸ்பேனரக் குடுக்கச் சொல்லுங்க. பேசுன பேச்சு பேச்சுதானே?” என்றார் தலைவர்.

மருமகள் ஸ்பேனரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் டாக்டரம்மாவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். படித்தவர், நாலு தேசம் பார்த்தவர், ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நினைத்தேன்.

“அக்கா, இது உங்கட தண்ணி. உங்கட சாமி. போங்கோ எண்டும் சொல்லமாட்டன், போகாதேங்கோ எண்டும் சொல்லமாட்டன்.”

அந்த நேரம் எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டு இப்போது கையை விடுகிறாரே என்று. பிறகு யோசித்தால், போ என்று அவர் சொல்லி நாங்கள் போயிருந்தால், அது அவர் போனதாகத்தான் ஆகியிருக்கும்.

நான் சேலையை இழுத்துச் செருகினேன். “ஸ்பேனரக் குடுக்காத. வா புள்ள,” என்று சொல்லிவிட்டு நடந்தேன். பின்னால் தலைவர் “அக்கா, அக்கா” என்றார். திரும்பவில்லை. திரும்பினால் நின்றுவிடுவேன் என்று தெரியும்.

தேயிலையைத் தாண்டிக் காட்டுக்குள் ஏறியதும் பனிமூட்டம். சறுக்குகிற மண். மருமகள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் கேட்ட கதையெல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. விறகு பொறுக்கப் போனவள் வாய் கோணித் திரும்பிய கதை, இன்னும் சொல்லக் கூடாத கதைகள். எனக்கு என்ன ஆனாலும் சரி, வாழ்ந்தவள். இவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் மகன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

கல்லைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினோம். கையில் கற்பூரம்கூட இல்லை. வெறுங்கையைக் கூப்பிக்கொண்டு சொன்னேன்: “சாமி, நாங்க மிதிக்க வரல. ஒங்க தண்ணி கீழ வரல. ஏன்னு பாத்துட்டுப் போயிர்றோம்.”

அவள் குப்புறப் படுத்து, தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டாள். உள்ளே துழாவினாள்.

“மாமி, துணி. மஞ்சத் துணி. கொழா வாயச் சுத்திக் கட்டிருக்காங்க.”

முதல் நாள் பூசையில், சாமி காவல் இருக்கட்டும் என்று, சாமிக்கு வாங்கிய புதுத் துணியைக் குழாய் வாயில் கட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். சேறும் சருகும் அதில் அப்பி அடைத்துக்கொண்டது. சாமிக்குக் கட்டிய துணியை அவிழ்க்க அவளுக்குக் கை வரவில்லை. எனக்கும்தான். கல்லைப் பார்த்தேன். கல் துணியில்லாமல் வெறுமனே இருந்தது.

“சாமிக்குன்னா கல்லுலயில்ல கட்டிருக்கணும்? கொழாயில எதுக்கு? அவுத்துரு.”

அவள் இழுத்தாள். கட்டு நனைந்து இறுகியிருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். துணி வந்ததும் குழாய் மடக்கு மடக்கென்று குடித்தது. அந்தச் சத்தம் மண்ணுக்குள் இறங்கிப் போவதைக் கேட்டுக்கொண்டே இருந்தோம். மருமகள் ஈரக் கையால் என்னைக் கட்டிக்கொண்டாள். வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் செய்ததில்லை. துணியை அலசி, பிழிந்து, சூலத்தில் கட்டிவிட்டுக் கும்பிட்டோம். வாய் கோணவில்லை. கை கால் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன.

நாங்கள் கீழே வந்தபோது பைப்பு முதலில் காற்றைத் துப்பி, பிறகு செம்மண் நிறத்தில் கக்கி, அப்புறம் தெளிவாகவே ஊற்றிக்கொண்டிருந்தது. பெண்கள் குடம் வைக்க மறந்து கையைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். நான் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். டாக்டரம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். “நான் நல்லாப் பயந்துபோனன் அக்கா,” என்றார். அப்போதுதான் என் கோபம் போனது.

தலைவர் தானும் ஒரு வாளி கொண்டுவந்து வரிசையில் வைத்தார். சாவியைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, அப்புறமும் பேசவில்லை.

பயமெல்லாம் எனக்குப் பூசாரியிடம்தான் இருந்தது. சாயங்காலம் அவர் மேலே போய்ப் பார்த்துவிட்டு நேரே எங்கள் காம்பராவுக்கு வந்தார். மருமகள் உள்ளே ஒதுங்கிக்கொண்டாள். அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு இருமினார், தொண்டையைச் செருமினார். தொட்டிப் பக்கம் சருகு நிறையக் கிடக்கிறதாம்.

“அடுத்த தடவ நீங்க மேல போறப்ப ஒரு வெளக்கமாத்தையும் கொண்டு போயிருங்க,” என்றார்.

“வெளக்கமாறு நாங்க தர்றோம். கூட்டுறது நீங்க,” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். உள்ளேயிருந்து மருமகள் சிரிக்கும் சத்தமும் கேட்டது. அவருக்கும் சேர்த்துத் தேத்தண்ணீர் வைக்கச் சொன்னேன்.