ஆப்பிள் பெட்டிக் கோழி

குளியலறைக்குள் போனதும் ஜோதிலிங்கம் முதலில் விளக்கை அணைப்பார். கதவின் கீழிடுக்கில் துண்டைச் செருகுவார். அதற்குப் பிறகுதான் சட்டைப்பையிலிருந்து முட்டை வெளியே வரும். ஒரு டார்ச், அதன் வாயில், பழைய காலண்டர் அட்டையைச் சுருட்டிச் செய்த குழல், குழலின் மேல் முட்டை. பொத்தானை அழுத்தினால் முட்டை முழுக்கச் செம்மஞ்சளாய் ஒளிரும். டெல்லி கிட்வாய் நகரின் அந்த அரசாங்கக் குவார்ட்டர்ஸில் பகலில் இருட்டாக இருக்கும் இடம் குளியலறை ஒன்றுதான். காலையில் கொஞ்ச நேரம் தண்ணீர் வருவதும் அங்கே மட்டும்தான் என்பதால் வெளியே மனைவி பூங்கோதை வாளியோடு நிற்பார்.

"உள்ள என்ன பண்றீக? தண்ணி நின்னுரப் போகுது."

"முட்டைக்குள்ள நரம்பு ஓடுது பூங்கோதை. சிலந்தி காலை விரிச்ச மாதிரி."

"சரி, அந்தச் சிலந்தியத் தூக்கிக்கிட்டு வெளிய வாங்க."

ஜோதிலிங்கத்துக்குச் சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். வேலை, டெல்லியில் ஓர் அமைச்சகத்தில் அசிஸ்டெண்ட். தீபாவளிக்கு மாட்டுகிற பழுப்பு ஸ்வெட்டரை ஹோலிக்குத்தான் கழற்றுவார். எதையும் அவசரப்பட்டுச் செய்ததில்லை. கோட்லா முபாரக்பூரில் கோழி வளர்ப்பவரிடம் முட்டை வாங்கி வரும் நாட்களில் இன்னும் மெதுவாக, புதுப்பெண் போல நடந்து வருவார். வழியில் யாராவது ஸ்கூட்டரை நிறுத்தி ஏறிக்கொள்ளச் சொன்னால், "வேண்டாம் அண்ணே, கரு கலங்கிரும்" என்று தமிழிலேயே பதில் சொல்லிவிட்டு நடையைத் தொடர்வார். ஏற்றிக்கொள்ள வந்தவர் பஞ்சாபி என்பது அப்புறம்தான் அவருக்கு நினைவு வரும்.

பிரகதி மைதானத்தில் நடந்த ஒரு விவசாயக் கண்காட்சியில் பிடித்த பித்து இது. கண்ணாடிக்குப் பின்னால் ஓர் இயந்திரத்தில் முட்டைகள் ஒவ்வொன்றாய் விரிந்து குஞ்சுகள் எழுந்து நின்றதைப் பார்த்தவர், காவலாளி வந்து தோளைத் தொடும்வரை நகரவில்லை. மறு வாரமே வீட்டில் இயந்திரம் தயாரானது. சிம்லா ஆப்பிள் வந்த மரப்பெட்டி, உள்ளே நாற்பது வாட்ஸ் பல்பு, காற்று காயாமலிருக்க ஒரு டவராவில் தண்ணீர், சூடு பார்க்கக் காய்ச்சல் தெர்மாமீட்டர். பார்க்கும் ஒவ்வொரு முறையும் தெர்மாமீட்டரை நன்றாக உதறி, மறுபடி உள்ளே வைத்து, காத்திருந்து பார்ப்பார். சூடு கூடினால் பெட்டியின் மூடி விரலளவு நகரும். குறைந்தால் மூடியின் மேல் கம்பளி ஏறும். முன்பக்கக் கண்ணாடி மட்டும் அவர்களுடைய கல்யாணப் போட்டோவிலிருந்து கழற்றியது. மாப்பிள்ளையும் பெண்ணும் அன்றிலிருந்து சுவரில் டெல்லித் தூசியைத் தின்றுகொண்டிருக்கிறார்கள்.

முதல் ஈடாக அடைக்கு வைத்தவை ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய முட்டைகள். வெள்ளை வெளேரென்று ஒரே அளவில் இருந்தன. நாள் கணக்கெல்லாம் தாண்டியும் ஒன்றும் அசையாததால், மார்க்கெட்டுக்கே போய் முட்டைக்காரரிடம் நியாயம் கேட்டார். முட்டைக்காரர் பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டுதான் பதில் சொன்னார். பண்ணையில் அந்தக் கோழிகள் பிறந்ததிலிருந்து ஒரு சேவலின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லையாம். அன்று பூங்கோதைக்கு வந்த சிரிப்பு அடங்க இரவுச் சாப்பாடு ஆகிவிட்டது.

இரண்டாவது ஈட்டுக்குச் சேவல் உள்ள வீடாகத் தேடிப் பிடித்தார். அதைக் கெடுத்தது பக்தி. அடைக்கு வைத்த முட்டை ஒரே பக்கமாகக் கிடக்கக் கூடாது. கிடந்தால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். எந்தப் பக்கம் எது என்று தெரிய ஓர் அடையாளம் வேண்டும். பிள்ளையார் சுழி போடாமல் மளிகைச் சீட்டுகூட எழுதாதவர் ஜோதிலிங்கம். பென்சிலால் ஒவ்வொரு முட்டையிலும் அழகாக ஒரு 'உ' போட்டார். காலையில் ஆபீஸ் கிளம்பும்போது சுழி கீழே, மாலையில் வந்ததும் சுழி மேலே. பஸ் தாமதமானால் மாலைத் திருப்பலைப் பூங்கோதை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. தினமும் வீடு திரும்பும்போது சுழி மேலே பார்த்தபடி இருக்கும். மனைவியின் பொறுப்பை ஆபீஸில் நாலு பேரிடம் மெச்சிக்கூடப் பேசினார்.

கெடு தாண்டியபின் உடைத்துப் பார்த்தபோது, எல்லாக் குஞ்சுகளும் பாதி வளர்ச்சியில் ஒரே பக்கமாய் ஒட்டிக்கிடந்தன. விசாரணையில் உண்மை வெளிவந்தது. காலையில் அவர் கிளம்பித் தெருமுனை திரும்பும் முன்பே பூங்கோதை எல்லாவற்றையும் நிமிர்த்திவிடுவாராம்.

"பிள்ளையாரக் குப்புறத் தள்ளிட்டு நீங்க பாட்டுக்கு ஆபீஸ் போயிருவீக. பாத்துக்கிட்டு வீட்ல இருக்கிறவளுக்கு மனசு கேக்குமா?"

இதற்கு எந்தக் கோழிப் புத்தகத்திலும் பதில் இல்லை. மூன்றாவது ஈட்டுக்குப் பெருக்கல் குறி போட்டார். பெருக்கல் குறியை யாரும் கும்பிட மாட்டார்கள்.

இந்த முறை பூங்கோதையும் ஒரு குறி போட்டுவிட்டார். இதுவும் பொரிக்கவில்லை என்றால் கண்ணாடி போட்டோவுக்கு, பெட்டி பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரனுக்கு. ஜோதிலிங்கம் தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, யாரிடம் சொல்கிறோம் என்று பாராமல், "ஆபீஸ்ல இத்தனை வருஷமாப் பேப்பரத் திருப்பித் திருப்பிப் போடுறேன். ஒண்ணாவது பொரிச்சிருக்கா?" என்றார். பூங்கோதை எழுந்து பெட்டிப் பக்கம் போனார். டவராவில் தண்ணீர் குறைந்திருந்ததைப் பார்த்து ஊற்றினார்.

டார்ச் சோதனையில் ஒவ்வொன்றாய்க் கழிந்து மூன்று முட்டைகள் மிஞ்சின. தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் வெள்ளையடித்தது போல் நிற்கையில், மூன்றில் ஒன்று டக்கென்று நட்சத்திரமாய் விரிசல் விட்டது. உள்ளிருந்து மெலிதாக ஒரு கீச். ஜோதிலிங்கம் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நாமாக ஓட்டை உரித்தால் ரத்தம் கசிந்து குஞ்சு செத்துப்போகும், அது தானாகத்தான் வர வேண்டும், நம் வேலை சூடு குறையாமல் பார்ப்பது மட்டும் என்று முட்டை கொடுத்த கோட்லாக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

சத்தமில்லாத இரண்டு முட்டைகளையும் பூங்கோதை சுடுதண்ணிப் பையோடு பஞ்சு ரஜாய்ப் போர்வைக்குள் பொதிந்தார். விரிசல் விட்டதை ஜோதிலிங்கம் பனியனுக்குள் விட்டு, வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மேலே ஸ்வெட்டர், அதற்கு மேலே சால்வை என்று நாற்காலியில் உட்கார்ந்தார். தெர்மாமீட்டரையும் உள்ளே விட்டுப் பார்த்தார். முட்டைக்கு வேண்டிய சூட்டுக்கு மனித உடம்பு கொஞ்சம் குறைச்சல்.

"எனக்கு இப்ப லேசாக் காய்ச்சல் அடிச்சா எவ்வளவு நல்லாருக்கும்" என்றார்.

பூங்கோதை அடுப்படிக்குப் போய், கண்ணில் நீர் வரும் காரத்தில் மிளகு ரசம் வைத்துக் கொண்டுவந்து, அவர் கை அசையக் கூடாதென்று தம்ளரைத் தானே பிடித்துக் குடிக்கவைத்தார். இரண்டாவது தம்ளரில் ஜோதிலிங்கத்தின் நெற்றி வேர்த்தது. கீச் சத்தம் மட்டும் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

கதவு தட்டப்பட்டது. அவருடைய அண்டர் செக்ரட்டரி பாலசுப்ரமணியமும் மனைவியும், மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்திருந்தார்கள். வெள்ளித் தட்டில் மஞ்சள், குங்குமம், பழம், மேலே பத்திரிகை. வீட்டுக்காரர்கள் ஜோடியாக எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். அதிலும் வந்திருப்பவர், காரிடாரில் அவர் இருமினாலே செக்‌ஷன் முழுக்க நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நிற்கும் அதிகாரி. ஜோதிலிங்கத்தின் முழங்கால்கள் பழக்கத்தில் ஒருமுறை துள்ளின. பிறகு அடங்கின. அவர் எழுந்திருக்கவில்லை.

தட்டு காற்றில் நின்றது. பாலசுப்ரமணியத்தின் மனைவி, ரெண்டு பேருமா சேர்ந்து வாங்கிக்கணும் என்று மெதுவாக நினைவூட்டினார்.

பூங்கோதை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கணவனின் நாற்காலியை ஒட்டி வந்து நின்றார். "தப்பா நினைக்காதீக. அவுக எந்திரிக்க முடியாது. அடையில இருக்காக."

பாலசுப்ரமணியம் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சால்வையையும் அதற்குள் மறைந்திருந்த கையையும் பார்த்தார். "என்ன ஜோதிலிங்கம், என்னய்யா இதெல்லாம்? உடம்புக்கு ஏதாவது…" என்று ஆரம்பித்தார்.

ஸ்வெட்டருக்குள் எதுவோ வயிற்றைக் கொத்தியது. ஜோதிலிங்கம் இடது கையை அசைக்காமல் வலது கையைச் சால்வைக்குள்ளிருந்து எடுத்து, அண்டர் செக்ரட்டரியை நேராகப் பார்த்து, ஆள்காட்டி விரலை உதட்டின் மேல் வைத்தார்.