கோபக்காரத் தோல்

கல்யாணமாகி ஒரு மாதத்தில் என் கணவர் கப்பலுக்குத் திரும்பிவிட்டார். கப்பல் என்று ஊருக்குச் சொல்வோமே தவிர, வளைகுடாத் துறைமுகம் ஒன்றில் பெரிய கப்பல்களை இழுத்து வந்து கரை சேர்க்கிற இழுவைப் படகில்தான் அவருக்கு வேலை. பட்டினச்சேரி வீட்டில் நானும் மாமியாரும் மட்டும் மிஞ்சினோம். அத்தை விடிவதற்கு முன்பே மீன் எடுத்து விற்கப் போய்விடுவார். நான் காரைக்காலில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். ஸ்கூட்டியில் போய் வருவேன்.

சிறு வயதிலிருந்தே எனக்கு முகத்தோல் சரியில்லை. சோப்பை மாற்றினால் சிவக்கும். கஸ்தூரி மஞ்சள் பூசினால் எரியும். திருவேட்டக்குடியில் அம்மா வீட்டில் இருந்தவரை அதைப் பெரிதாக நினைத்ததில்லை. கணவர் போன பிறகு, தினமும் வீடியோ காலில் என் முகத்தை நானே பார்க்க வேண்டியதாயிற்று. திரை நிறைய அவர், மூலையில் சின்னதாக நான். நெற்றியிலும் கன்னத்திலும் பொடிப்பொடியாக ரவையைத் தூவினாற்போல் இருக்கும். அவர் பேசப் பேச என் கண் அந்த மூலைக்கே போகும். ஒரு மாதம் மட்டுமே பார்த்த முகம்தானே, கொஞ்சம் கொஞ்சமாக மறந்துவிடுவார், இந்தச் சொரசொரப்பு மட்டும்தான் அவர் நினைவில் நிற்கும் என்று பயந்தேன்.

டவுனில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனேன். கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்களுது கோவக்காரத் தோலுங்க. தேய்க்கிறது, சுரண்டுறது எல்லாம் அதுக்கு ஆகாது. மெதுவாத்தான் சமாதானம் பண்ணணும்" என்றார்.

ஒரு டோனர் எழுதிக் கொடுத்தார். லாக்டிக் ஆசிட், அதுவும் குறைந்த அளவில். முதலில் காதுக்குப் பின்னால் தடவிப் பார்க்க வேண்டும். ஒன்றும் செய்யவில்லை என்றால், வாரத்துக்கு ஒருமுறை சாயங்காலம் முகம் கழுவி ஈரம் காய்ந்த பிறகு, சில துளிகள் உள்ளங்கையில் விட்டு ஒற்ற வேண்டும். மேலே சாதாரண க்ரீம். பகலில் வெயிலுக்கான க்ரீம் இல்லாமல் வெளியே தலைகாட்டக் கூடாது.

பாட்டிலை அலமாரியில் வைத்தபோது அத்தை எட்டிப் பார்த்தார்.

"என்னாம்மா அது, தண்ணி மாதிரி இருக்கு?"

"ஆசிட் அத்தை. மூஞ்சில போடுறது."

அத்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆசிட்டா? கக்கூசு கழுவுறதா? வேணாம் தாயி, அவன் வந்து கேட்டா நான் என்னா பதில் சொல்லுவேன்?"

"அது இல்ல அத்தை. தயிர்ல புளிப்பு இருக்குல்ல, அது மாதிரி. செத்த தோலை மட்டும் எடுத்துடும்."

"அப்ப தயிரையே பூசிக்கிட்டுப் போயேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆனாலும் நான் முதல்முறை போட்ட சாயங்காலம், கையில் ஒரு சொம்புத் தண்ணீரோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். லேசாக ஒரு குறுகுறுப்பு, அவ்வளவுதான். அத்தை தண்ணீரைத் தானே குடித்துவிட்டு எழுந்துபோனார்.

இரண்டு மாதத்தில் நெற்றி கொஞ்சம் அடங்கியது. அப்போதுதான் அவர் போன் செய்தார். லீவு கிடைத்துவிட்டது, பொங்கலுக்கு வீட்டில் இருப்பேன் என்றார். அத்தை அன்றைக்கே தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். எனக்கு நிலைகொள்ளவில்லை. அவர் வருவதற்குள் முகம் முழுக்கச் சரியாகிவிட வேண்டும் என்று தினமும் டோனரைப் போட ஆரம்பித்தேன். எரிந்தது. வேலை செய்கிறது, அதனால்தான் எரிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரம் முடிவதற்குள் முகம் வேகவைத்த நண்டு மாதிரி சிவந்துவிட்டது. கன்னத்தில் தோல் செதில் செதிலாக உரிந்தது. வெறும் தண்ணீர் பட்டாலே கண்ணில் நீர் வந்தது. பள்ளியில் ஒரு குட்டிப்பெண், "மிஸ், உங்கள யாரு அடிச்சா?" என்று கேட்டாள். டாக்டரம்மா எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். "க்ரீம் மட்டும் போதுங்க. கோவம் தணியிற வரைக்கும் விட்டுடுங்க."

வீடியோவில் அவர் கூப்பிட்டபோதெல்லாம் சிக்னல் இல்லை என்று சொல்லி கேமராவை அணைத்துவைத்தேன். பொங்கல் நெருங்கியபோது ஒரு மத்தியானம் போன் வந்தது. குரலே சரியில்லை. மாற்று ஆள் வரவில்லையாம், லீவைத் தள்ளிப்போட்டுவிட்டார்களாம். அடுத்து எப்போது என்று தெரியவில்லையாம்.

கேமராவைப் போட்டேன்.

"என்னா புள்ள இது? மூஞ்சிக்கு என்னா ஆச்சு?"

"நீங்க வர்றீங்கன்னுதான்…" என்றேன்.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் படகின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை. கையை நீட்டித் திரையைத் தொட்டார் போலிருக்கிறது, படம் ஒரு கணம் இருட்டாகித் தெளிந்தது. அந்தக் கை என் கன்னத்தில் பட்டிருந்தால் எரிந்திருக்கும். எரிந்தாலும் பரவாயில்லை, பட்டால் போதும் என்றிருந்தது.

அந்தப் பொங்கலுக்கு அத்தை பேருக்குப் பானை வைத்தார். இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

தோல் ஆற மாசி ஆகிவிட்டது. பிறகு, இந்தமுறை யாருக்காகவும் அவசரப்படாமல், வாரத்துக்கு ஒருமுறை என்று மறுபடி தொடங்கினேன். நெற்றி வழவழப்பானது. வகுப்பில் பிள்ளைகள் வந்து கன்னத்தைக் கிள்ளினார்கள். நல்ல முகம் வந்துவிட்டது, பார்க்கத்தான் ஆள் இல்லை. கண்ணாடியில் பார்க்கும்போது, யாரோ கட்டிவைக்கச் சொல்லிவிட்டு வாங்கிப்போக மறந்த பூப்பொட்டலம் போல் இருந்தது எனக்கு.

வைகாசியில் அவர் வந்தார். சரியான அனல்காற்று. வெயிலிலும் உப்பிலும் கறுத்து, மூக்கெல்லாம் தோல் உரிந்து, ஆளே மாறியிருந்தார். குளித்துச் சாப்பிட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கட்டைவிரலால் என் நெற்றியை மெல்லத் தடவினார். மறுபடி தடவினார். எதையோ தேடுகிற மாதிரி இருந்தது.

"இங்க பொடிப்பொடியா இருந்துச்சே, எங்க?"

"போயிடுச்சு. நல்லாயில்லயா?"

"நல்லாத்தான் இருக்கு." விரலை எடுக்கவில்லை. "அங்க படுத்தா கண்ணை மூடிக்கிட்டு அதத்தான் நெனப்பேன் புள்ள. உன் மூஞ்சி சில நாளு சரியா ஞாவகத்துக்கு வராது. நெத்தி மட்டும் வெரல்லயே இருக்கும்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. என் டப்பாவிலிருந்து க்ரீமை எடுத்து அவர் மூக்கில் தடவினேன். "ஏய், பொம்பளைங்க சாமானு" என்றார். ஆனால் தலையைத் திருப்பவில்லை.

அந்த லீவு முழுக்க அத்தை வியாபாரத்துக்குப் பாதி நாள்தான் போனார். வஞ்சிரமும் இறாலும் வீட்டுக்கே வந்தன. ஆடி பிறந்ததும் அவர் கிளம்பினார். சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட நானும் அத்தையும் காரைக்கால் பஸ் ஸ்டாண்டுவரை போனோம். பஸ் திரும்பி மறைகிறவரை இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் காய்கறிக் கடையில் அத்தை நின்றார். கத்தரிக்காயைக் கையில் எடுத்தார், வைத்தார். வெண்டைக்காயை எடுத்தார், அதையும் வைத்தார்.

"ரெண்டு பேருக்கு எவ்வளவும்மா வாங்குறது?" என்று என்னைக் கேட்டார். "கை மறந்துபோச்சு."