ஹெட்செட்டில் ஈரம், ரிப்போர்ட்டில் ஓ.கே.

“சார், அந்தப் பொண்ணுக்குக் காது கேக்கலயா, இல்ல ஹெட்செட் வேலை செய்யலயா? ரெண்டுல ஒண்ண எழுதிக் குடுங்க. கம்பெனிக்காரன் மெயிலுக்கு என்னால பதில் சொல்லி மாளல.”

எங்கள் மேனேஜர் தேவகி மேடம் மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்கக் கேட்டார். நான் அப்போதுதான் உள்ளே நுழைந்திருந்தேன். டிபன் பாக்ஸ் இன்னும் கையில்தான் இருந்தது. மணி பத்தரை. மேஜைமேல் இருந்த ரிப்பேர் டிரேயில், காலை எட்டு மணிக்கே அந்தப் பெண் அனுப்பி வைத்த ஹெட்செட் கிடந்தது. எடுத்து மாட்டினேன். பாட்டு ஓடவிட்டுப் பார்த்தேன். மைக்கில் ஊதிப் பார்த்தேன். மணி மணியாகக் கேட்டது.

“ஹெட்செட் ஓ.கே. மேடம்” என்றேன். எழுதியும் கொடுத்தேன். அந்த இரண்டு எழுத்தால் ஒரு பெண்ணின் வேலை போகவிருந்தது என்பதைத்தான் இங்கே சொல்ல வந்தேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் படித்தால் நல்லது. பழையவர்கள் படித்தால் இன்னும் நல்லது.

1. எங்கள் கடை

செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில், ஒரு பைக் ஷோரூமுக்கு மேல் மாடியில் எங்கள் கால் சென்டர். நாற்பது சீட். வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கிற ஒரு கம்பெனிக்காக போன் எடுப்போம். வாஷிங் மெஷின் சுற்றவில்லை, கிரைண்டர் புகைகிறது, ஃபிரிட்ஜ் சத்தம் போடுகிறது என்று தமிழ்நாடு முழுவதிலிருந்தும் திட்டு விழும். அதை வாங்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றி மெக்கானிக்கை அனுப்புவது வேலை.

காலை ஷிஃப்ட் ஏழு மணிக்கு. அதில் இருபது பேரும் பெண்கள். வல்லம், அவலூர்பேட்டை, மேல்சித்தாமூர் என்று சுற்று வட்டாரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்துவிடுவார்கள். நான் பத்தரைக்கு வருவேன். முப்பது வருஷம் டி.வி., டேப் ரெக்கார்டர் எல்லாம் பிரித்துப் போட்டவன், அங்கே ஹார்டுவேருக்கு நான் ஒருவன்தான், என்னை யாரும் நேரம் கேட்க மாட்டார்கள். அந்தத் திமிர் எனக்கு இருந்தது. இல்லை என்று சொன்னால் என் மனைவியே சிரிப்பாள்.

என் ரூம் மொட்டைமாடியில், தகரக் கூரைக்குக் கீழே. காலை ஒன்பது மணிக்கே உள்ளே அப்பளம் பொரிக்கலாம். கீழே ஹாலில் ஏ.சி. இருபதில் ஓடும். இந்த இரண்டு விஷயத்தையும் கொஞ்சம் மனதில் வையுங்கள்.

2. ஜிப் கவர் சட்டம்

நெல் சீசனில், நெல்லை ஏலம் விடுகிற மார்க்கெட் கமிட்டிக்குப் போகிற லாரிகளெல்லாம் எங்கள் வாசலில்தான் வரிசை கட்டி நிற்கும். பதரும் தூசியும் மாடி வரை பறந்து வரும். ஹெட்செட் மைக்கில் எல்லாம் உமி. அதனால் நான் ஒரு சட்டம் போட்டேன். ஆளுக்கு ஒரு ஹெட்செட், ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் ஜிப் கவர். ஷிஃப்ட் முடிந்த நிமிஷமே கவரில் போட்டு, விரலால் அழுத்தி ஜிப்பை மூடி, நம்பர்படி ஸ்டீல் பீரோவில் வைத்துவிட வேண்டும். ஜிப் ஓர் அங்குலம் திறந்திருந்தால்கூட நான் பேர் எழுதிப் போர்டில் ஒட்டுவேன்.

தூசி நின்றது. மேடம் மீட்டிங்கில் எனக்குக் கை தட்டச் சொன்னார். காதை முழுக்க மூடுகிற பெரிய ஹெட்செட்டுகளை மூன்று வருஷம் உழைக்க வைத்தவன் என்று நானே நாலு பேரிடம் சொல்லிக்கொண்டேன்.

3. மூன்று ஓ.கே.

அந்தப் பெண் பெயர் மலர்க்கொடி. வல்லம் ஊர்க்காரி. மூன்று மாத டிரெய்னிங்கில் இருந்தாள். அது ஒழுங்காக முடிந்தால்தான் வேலை நிரந்தரம். அவள்மேல் இருந்த புகார் ஒன்றே ஒன்று. கஸ்டமர் எதைச் சொன்னாலும் “சரியா கேக்கல சார், இன்னொரு தடவ சொல்லுங்க” என்பாள். ஒரே காலில் நாலு முறை, ஐந்து முறை. எதிர்முனையில் இருப்பவர் கிரைண்டரை விட்டுவிட்டு இவளைத் திட்ட ஆரம்பித்துவிடுவார்.

மேடம் ரெக்கார்டிங்கைப் போட்டுக் கேட்டால் கஸ்டமர் குரல் கணீரென்று இருக்கும். ரெக்கார்டிங் சர்வரில் பதிவாவது, அதற்கும் ஹெட்செட்டுக்கும் சம்பந்தமில்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் யோசிக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை கொடுத்தது மூன்றாவது ரிப்போர்ட். முந்தைய வெள்ளிக்கிழமை ஒன்று, அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை ஒன்று. மூன்றிலும் “ஹெட்செட் ஓ.கே.” என்று எழுதி, என் நீளமான கையெழுத்தைப் போட்டிருந்தேன். ஹெட்செட் நன்றாக இருந்தால் கோளாறு எதில்? ஹாலில் அவளுக்குக் காது மந்தம் என்று பேச்சுக் கிளம்பிவிட்டது.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் என் ரூமுக்கு ஏறி வந்தாள். கையில் ஒரு மடித்த காகிதம்.

“சார், திண்டிவனத்துல காது டாக்டர்கிட்ட டெஸ்ட் எடுத்துட்டு வந்துட்டேன். ரெண்டு காதும் நார்மல்னு எழுதியிருக்குது. பாருங்க.”

“எதுக்கும்மா இதெல்லாம்?”

“எதுக்கா? எங்க நைனாவே கேக்குறாரு சார், ஒனுக்கு நெஜமாவே கேக்கலயான்னு. நாளன்னிக்கு டிரெய்னிங் முடியுது. நாளைக்கு மேடம் முடிவு சொல்லணும்னு சொல்லிட்டாங்க.”

“நான் மூணு தடவ செக் பண்ணிட்டேன்மா. நல்லாத்தான் இருக்குது.”

“நீங்க எத்தினி மணிக்கு செக் பண்ணீங்க?”

எனக்குச் சுருக்கென்றது. டி.வி. பெட்டிக்குள் தலையை விட்டே தலைமுடி கொட்டிப்போனவனைப் பார்த்து இது ஒரு கேள்வியா?

“பத்தரைக்கு, பதினொண்ணுக்கு. ஏன்?”

“அதுக்குள்ள காஞ்சி பூடுது சார். நாளைக்குக் காலைல ஏழரைக்கு வாங்க. நான் கழட்டிக் குடுக்குறேன், அங்கயே மாட்டிப் பாருங்க. வரலன்னா நீங்க எழுதுனதே இருக்கட்டும், நான் வூட்டுக்குப் போறேன்.”

4. வெள்ளிக்கிழமை, ஏழரை மணி

போனேன். திட்டிக்கொண்டேதான் போனேன். எனக்கு அந்த நேரத்தில் காபியே பாதிதான் இறங்கியிருக்கும்.

ஹாலுக்குள் நுழைந்ததும் சீயக்காய் வாசனையும் மல்லிகை வாசனையும் குப்பென்று அடித்தது. இருபது பெண்களில் பதினைந்து பேராவது தலைக்குக் குளித்துவிட்டு, ஈரம் சொட்டுகிற முடியை நுனியில் முடிச்சுப் போட்டு, பூ வைத்து, அதன்மேல் ஹெட்செட்டை மாட்டி உட்கார்ந்திருந்தார்கள். முதல் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களுக்குத் தலை காய எங்கே நேரம்? மலர்க்கொடி தன் ஹெட்செட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். மாட்டினேன்.

என் வழுக்கைத் தலையில் காதோரம் குஷன் சில்லென்று ஒட்டியது. போனில் யாரோ ஒரு அம்மா பேசினார். கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோல் இருந்தது. ஒரு வார்த்தை புரியவில்லை.

“இன்னொரு தடவ சொல்லுங்கம்மா” என்று என் வாயிலிருந்தே வந்தது. மலர்க்கொடி சிரிக்கவில்லை. நான் அவளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

பாக்கெட்டில் இருந்த ஸ்க்ரூ டிரைவரால் குஷனை நெம்பினேன். ஸ்பீக்கர் முன்னால் இருக்கிற வலைத்துணி நனைந்து ஓட்டையெல்லாம் அடைத்திருந்தது. பிளாஸ்டிக் மூடியின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். சூடான சாதத்தை டிபன் பாக்ஸில் போட்டு மூடினால் மூடி வேர்க்குமே, அதேதான். ஈரமுடி, காதின் சூடு, காற்றே போகாத ரெக்ஸின் குஷன், வெளியே ஏ.சி. குளிர். தண்ணீர் கட்டாமல் என்ன செய்யும்? அதை என் தகரக் கொட்டகையில் இரண்டு மணி நேரம் போட்டு வைத்தால் காயாமல் என்ன செய்யும்?

செவ்வாய், வெள்ளி. என் ரிப்போர்ட்டுகளின் கிழமை அப்போதுதான் உறைத்தது. என் வீட்டிலேயே அந்த இரண்டு நாளும் காலையில் பாத்ரூம் எனக்குக் கிடைக்காது. இருபத்தெட்டு வருஷமாகக் கதவைத் தட்டுகிறவனுக்கு இது புரிய இவ்வளவு நாள்.

பக்கத்து சீட் சுகந்தியின் ஹெட்செட்டை வாங்கினேன். அதுவும் கிணறு. அதற்கடுத்ததும் அப்படியே.

“ஏம்மா சுகந்தி, உனக்குக் கேக்குதா?”

“எங்க சார் கேக்குது. செவ்வா, வெள்ளி எல்லாருக்கும் இப்டித்தான்.”

“அப்புறம் எப்படிம்மா கால் எடுக்கிற? உன்மேல ஒரு புகாரும் இல்லையே?”

சுகந்தி குரலைத் தாழ்த்தினாள். “சரிங்க சார், கம்ப்ளெய்ன்ட் போட்டுட்டேன் சார்னு சொல்லிடுவோம். காதுல விழுந்தத வெச்சி ஏதோ ஒண்ணப் போட்டுடுவோம். திருப்பித் திருப்பிக் கேட்டா திட்றாங்களே.”

கிரைண்டர் ரிப்பேருக்கு ஃபிரிட்ஜ் மெக்கானிக் போய் நின்ற கதைகளெல்லாம் எங்கிருந்து வந்தன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. காதில் விழாததைக் காதில் விழவில்லை என்று சொன்னவள் ஒருத்தி. அவளைத்தான் நாங்கள் வீட்டுக்கு அனுப்பப் பார்த்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வயதில் வெட்கப்படுவது அவ்வளவு எளிதில்லை, அதனால் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

5. பீரோவுக்குள் இருந்தது

நேராக மேடத்திடம் போய், “தலை ஈரத்தோட வராதீங்கன்னு ஒரு சர்க்குலர் போடுங்க” என்று சொல்லத்தான் கிளம்பினேன். அதோடு என் பெயர் கெடாமல் கதை முடிந்திருக்கும். பின்னாலேயே மலர்க்கொடி வந்தாள்.

“சார், தல ஈரம் ஒரு மணி நேரத்துல காஞ்சிடுது. புதன்கெழம கூட லேசா அடைப்பாத்தான் இருக்குது. அது எந்த ஈரம்?”

பீரோவைத் திறந்தேன். பன்னிரண்டாம் நம்பர் பெண் செவ்வாய்க்கிழமை வேலை பார்த்துவிட்டு, புதன் முதல் லீவு. மூன்று நாளாக யார் தலையிலும் ஏறாத ஹெட்செட். கவரை வெளிச்சத்தில் பிடித்தேன். உள்ளே பனி பிடித்ததுபோல் மங்கலாக இருந்தது. ஜிப்பைத் திறந்ததும் பூசண வாடை. குஷன் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி.

செவ்வாய்க்கிழமை ஏறுகிற ஈரம் செவ்வாய்க்கிழமையே போயிருக்க வேண்டும். போகவிடாமல் அழுத்தி மூடச் சொன்னது யார்? திறந்து வைத்தவர்களின் பேரைப் போர்டில் ஒட்டியது யார்?

மேடம் அறைக்குப் போய் மூன்று பொருளை மேஜையில் வைத்தேன். மலர்க்கொடியின் ஹெட்செட், சுகந்தியின் ஹெட்செட், பன்னிரண்டாம் நம்பர் கவர்.

“மேடம், மூணு ரிப்போர்ட்டும் தப்பு.”

“மூணு தடவ ஓ.கே.ன்னு எழுதினது நீங்கதானே சார்?”

“அது காஞ்சதுக்கு அப்புறம், என் தலையில ஓ.கே. மேடம். இவங்க தலையில இல்ல. கோளாறு என் ஜிப் கவர்ல.”

மேடம் மலர்க்கொடியின் ஹெட்செட்டை எடுத்துத் தன் கம்ப்யூட்டரில் செருகிக் காதில் மாட்டினார். அரை நிமிஷம் கேட்டார். முகம் மாறியது. கழற்றிவிட்டுக் கைக்குட்டையால் காதைத் துடைத்தார். வேறு சாட்சி தேவைப்படவில்லை.

அன்றைக்கே கவரெல்லாம் குப்பைக்குப் போனது. மொட்டைமாடி ரூமில் சுவருக்குச் சுவர் நைலான் கொடி கட்டி, ஷிஃப்ட் முடிந்ததும் ஹெட்செட்டுகளை கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். தூசி படாமலிருக்க மேலே ஒரு பழைய வேட்டி. மேடம் வந்து பார்த்து, “என்ன சார் இது, ஆபீஸா, துணி காயப்போடற இடமா?” என்றார். ரெக்ஸினைக் கழற்றித் துணி குஷன் போட்டோம். தலைக்குக் குளிக்கிற நாளில் முதல் அரை மணி நேரம் ஸ்பேர் செட். பூ வைக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுநாள் ஹாலில் நான் மட்டும்தான் இருந்திருப்பேன்.

6. சனிக்கிழமை

சனிக்கிழமை மேடம் மலர்க்கொடியைக் கூப்பிட்டு வேலை நிரந்தரம் என்றார். நானும் அங்கே நின்றிருந்தேன். அழுவாள், கும்பிடுவாள், நாம் பெருந்தன்மையாகப் பரவாயில்லை என்று சொல்லலாம் என்று ஒரு நினைப்பு எனக்கு. அவள் ஆர்டரை முழுசாகப் படித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“சார், அந்த மூணு ரிப்போர்ட்டும் என் ஃபைல்ல இருக்குது. அத இன்னா பண்ணுவீங்க?”

“கிழிச்சிடலாம்மா.”

“கிழிச்சா எல்லாருக்கும் மறந்து பூடும் சார். எனுக்குக் காது கேக்கலன்னு சொன்னது மட்டும் ஊர்ல இருக்கும்.”

மேடம் ஃபைலை என் பக்கம் தள்ளினார். இந்தத் தொழிலில் நான் கற்ற பாடம் இதுதான்: கோளாறு எந்த நேரத்தில், யார் தலையில் வருகிறதோ, அங்கே போய்ப் பார்க்காதவனுக்கு ஓ.கே. எழுத உரிமை இல்லை. அதை நான் படித்தது எந்த கோர்ஸிலும் இல்லை, அந்த மேஜையில்தான். மூன்று ரிப்போர்ட்டின் அடியிலும் “ஹெட்செட்டில் ஈரம் இருந்தது. நான் பார்த்த நேரம் தவறு. இவர் சொன்னது சரி” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மலர்க்கொடி ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துவிட்டு, மூன்றையும் திரும்ப என் முன்னால் வைத்தாள்.

“தேதி போடல சார்.”

போட்டேன்.